வாசலுக்குப் போன இரண்டாவது கிடார்

கேசட் கடையில் பாட்டுக் கேட்பது சுலபம். அதை இன்னொருவர் காதில் ஏற்றுவதுதான் பிழைப்பு. "சும்மா பாத்துட்டுப் போறேன்" என்பவர்கள் முன்னால் சிரித்த முகமாக நின்று பழகிய கடைக்காரர்களான உங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

தொண்ணூறுகளின் கடைசியில், பி.காம். முடித்த கையோடு, பெங்களூரு அல்சூரில் ஒரு கேசட் கடையில் சேர்ந்தேன். எனக்குக் கூச்சம் அதிகம். அமெரிக்கத் தெற்கத்தி ராக் இசை மீது பைத்தியம் அதைவிட அதிகம். அந்தக் குழுக்களில் முன்னணிக் கிடார் இரண்டு. ஒருவர் பெரியவர், மற்றவர் துணை என்பதெல்லாம் கிடையாது. ஒரே மெட்டை ஒருவர் சற்று மேலேயும் இன்னொருவர் சற்றுக் கீழேயுமாக, தோளோடு தோள் உரச வாசிப்பார்கள். முதலாளி செல்வம் அண்ணனிடம் கெஞ்சி அந்தக் கேசட்டுகளுக்கென்று ஒரு ரேக் வாங்கியிருந்தேன். தீபாவளிக்குள் விற்காவிட்டால் அங்கே பக்திப் பாட்டு ஏறும் என்று சொல்லியிருந்தார். விடுவதில்லை என்று இருந்தேன்.

லீவு

கல்லூரி மாணவர் ஒருவர் வந்தார். இரண்டு கிடாரும் சேர்ந்து ஓடும் இடம் வரப்போகிறது, கவனியுங்கள் என்று எப்படியோ சொல்லிவிட்டேன். அவர் கண்ணை மூடிக் கேட்டார். கேசட்டைப் பதமாகத் திருப்பிக் கொடுத்தார்.

"ஒருத்தர்தானே வாசிக்கிறாரு மேடம். இன்னொருத்தர் லீவா?"

வாசல் ரசிகர்

கடைக்கு வெளியே ஆட்டோவை நிறுத்திக்கொண்டு ஓசியில் பாட்டுக் கேட்பவர் தாஸ் அண்ணா. மறுநாள் அதே கேசட்டைப் போட்டபோது உள்ளே தலையை நீட்டினார்.

"கிடாரு வாசிக்கிறவன் நடுநடுவுல நின்னு நின்னு போறான். டேப்பு போச்சு, மாத்தும்மா."

உள்ளே எனக்கு நிற்காமல் கேட்டுக்கொண்டிருந்தது. வெளியே போய் நின்றேன். அங்கே வேறொருவர் வாசித்துக்கொண்டிருந்தார். அப்போதுதான் உறைத்தது. ஆள் இழுக்க ஒரு ஸ்பீக்கரைப் பெயர்ப்பலகைக்கு மேலே மாட்டுவது எங்கள் தெருக் கடைகளின் வழக்கம். பதிவில் இடது பக்கம் ஒருவர், வலது பக்கம் ஒருவர். நாங்கள் ஒருவரை உள்ளே உட்காரவைத்து இன்னொருவரைத் தெருவுக்கு அனுப்பியிருந்தோம். வீட்டில் வாக்மேனில் கேட்டே பழகிய எனக்கு இது தெரியாமல் போயிற்று.

ஸ்டூல்

தெரு ஸ்பீக்கர் செல்வம் அண்ணனின் பெருமை. வீடு இருந்த மல்லேஸ்வரத்திலிருந்து வரும் பஸ்ஸில் ஒரே வாக்கியத்தை மனதுக்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தேன். "அண்ணா, மத்தியானம் மட்டும் ரெண்டு ஸ்பீக்கரும் உள்ளே இருக்கட்டும்."

வாசலில் சத்தமில்லை என்றால் கடை மூடிவிட்டதாக நினைப்பார்கள் என்றார். நான் ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறி ஸ்க்ரூவைக் கழற்ற ஆரம்பித்தேன். அவர் முணுமுணுத்துக்கொண்டே வந்து ஸ்டூலைப் பிடித்துக்கொண்டார்.

அந்த மாணவர் மறுபடி வந்த மத்தியானம், அவரை இரண்டு ஸ்பீக்கருக்கும் நடுவில் நிற்கவைத்தேன். அந்த இடம் வந்ததும் தலை இடதுபுறம் திரும்பியது, வலதுபுறம் திரும்பியது, பிறகு அசையவில்லை. கேட்காமலே இரண்டு கேசட் எடுத்துக்கொண்டார்.

"லீவுல போனவரு வந்துட்டாரு மேடம்."

அவர் போனதும் செல்வம் அண்ணன் அதே இடத்தில் வந்து நின்றார். ரீவைண்ட் பண்ணச் சொன்னார். முடிந்ததும் மறுபடி பண்ணச் சொன்னார்.

"சரிம்மா, ரேக் இருக்கட்டும். ஆனா காலைல பக்திப் பாட்டு போடறப்ப அந்த ரெண்டாவது ஆளை ஸ்பீக்கரோட வாசலுக்கு அனுப்பிடு."

பேச வராதவள் கேசட் கடையில் காலம் தள்ள முடியுமா என்று கேட்பவர்களுக்கு என் பதில்: பக்கத்தில் ஒரு ஸ்டூல் இருந்தால் முடியும்.