வாடகை சைக்கிளுக்கு ஊர்ப் பூட்டு

சென்னையில் எனக்குத் திசை பிடிபடாது. திண்டுக்கல்லில் சிறுமலை எந்தப் பக்கம் தெரிகிறது என்று பார்த்தே வீடு போய்ச் சேர்ந்துவிடுவேன். சென்னையில் நிமிர்ந்தால் மேம்பாலம்தான். இரண்டு வார ஆசிரியர் பயிற்சிக்கு எங்களை அங்கே அனுப்பியபோது, விடுதி, வகுப்பு, விடுதி என்று நாட்களை ஓட்டிவிட்டுத் திரும்புவதாகத்தான் இருந்தேன்.

என்னோடு ஒரே அறையில் தங்கிய ஆயக்குடி டீச்சர்தான் விடுதிக்கு எதிரே வரிசையாக நின்ற வாடகை சைக்கிள்களைக் காட்டினார். போனில் ஆப் ஏற்றி, வண்டியில் ஒட்டியிருக்கும் கருப்பு வெள்ளைக் கட்டத்தை ஸ்கேன் செய்தால் சக்கரப் பூட்டு தானே திறக்கும். சுற்றி முடித்து ஏதாவது ஒரு ஸ்டாண்டில் விட்டால் கணக்கு முடியும். "ஊர்ல சைக்கிள்லதானுங்க ஸ்கூலுக்குப் போறீங்க, இங்க ஓட்டுறதுக்கு என்னங்க?" என்றார். எனக்கு ஐம்பது தாண்டிவிட்டது என்பதை நான் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை.

மறுநாளிலிருந்து வகுப்பு முடிந்ததும் கிளம்பிவிடுவேன். கைப்பையையும் குடையையும் முன்கூடையில் போட்டுக்கொண்டு, அடையாற்றுப் பாலம், மந்தைவெளி, மயிலாப்பூர், சாந்தோம் என்று சுற்றினேன். ஒருவழிப்பாதையில் எதிரே போய் வசவு வாங்கினேன். பஸ்ஸில் போகும்போது சமதளமாகத் தெரிந்த சாலையில் எங்கே ஏற்றம் இருக்கிறது என்று முழங்கால் சொன்னது. எங்கள் ஊரில் ரோட்டோரம் நின்று பஜ்ஜி தின்றால் மூன்று பேராவது "வணக்கம் டீச்சர்" என்பார்கள். இங்கே யாருக்கும் நான் டீச்சர் இல்லை. எண்ணெய்க் கையைத் துப்பட்டாவில் துடைத்துக்கொண்டு சந்தோஷமாக ஓட்டினேன்.

ஒரு தெருவுக்குள் மட்டும் வண்டியைத் திருப்பவில்லை. அது அடையாறில், என் அக்கா குடியிருக்கும் தெரு. மூன்று வருடமாக அவள் என்னோடு பேசுவதில்லை.

அம்மா இறந்தது நல்ல கோடையில். அக்கா ராத்திரி ரயிலில் கிளம்பினாள். அழுதுகொண்டே வந்தவள் விடியற்காலையில் கண்ணயர்ந்துவிட்டாள். திண்டுக்கல் வந்ததும் தெரியாது, போனதும் தெரியாது. கொடைரோட்டில் இறங்கி டாக்ஸி பிடித்து வந்தாள். அவளுடைய போனோ அணைந்து கிடந்தது. வெயில் ஏறஏற, இனி தாங்காது என்று பெரியவர்கள் பெட்டியை மூடச் சொல்லிவிட்டார்கள். அவள் கல்லறைத் தோட்டத்துக்கு ஓடி வந்தபோது மண் போட்டாகிவிட்டது. "செத்த நேரம் பொறுத்திருக்கக் கூடாதா?" என்று கேட்டாள். "ரயில்ல தூங்கிட்டு வந்து எங்களக் கேக்குறியா?" என்றார் சித்தப்பா. சொன்னது சித்தப்பா, பேச்சை நிறுத்தியது என்னிடம். எனக்கு இதில் இன்றைக்கும் கோபம் உண்டு. முதலில் நாலைந்து முறை போன் செய்தேன், எடுக்கவில்லை. அப்புறம் எனக்கும் ரோஷம் வந்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை பெசன்ட் நகர் வேளாங்கண்ணி மாதா கோவிலுக்குச் சைக்கிளில் போனேன். பக்கத்தில் ஸ்டாண்டு இல்லை. வண்டியின் சொந்தப் பூட்டை அழுத்தி மூடினேன். கம்பிப் பூட்டெல்லாம் ஒரு பூட்டா என்று தோன்றியது. திண்டுக்கல்காரி நான், இழுத்துப் பார்க்காத பூட்டை நம்ப மாட்டேன். ஊரிலிருந்து என் பெட்டிக்குக் கொண்டுவந்திருந்த பூட்டையும் ஒரு சங்கிலியையும் கைப்பையில் போட்டுத்தான் தினமும் சுற்றினேன். "வாடகை வண்டிக்கு எதுக்குங்க நம்ம பூட்டு?" என்று ஆயக்குடி டீச்சர் சிரித்திருக்கிறார். அன்று வண்டியை விளக்குக் கம்பத்தோடு சேர்த்து அந்தப் பூட்டைப் போட்டுவிட்டுப் பூசைக்குப் போனேன். பூசை முடிந்து கடற்கரையில் செருப்பைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நடந்தேன். திரும்பி வந்து பார்த்தால் சாவி இல்லை.

மணலில் எங்கே தேடுவது? ஆப்பில் வாடகை இன்னும் ஓடிக்கொண்டிருப்பதாகக் காட்டியது. ஆயக்குடி டீச்சர் ஊருக்குப் போயிருந்தார். பூட்டு திறக்கும் கடை எங்கே என்று யாரையாவது கேட்டிருக்கலாம். நான் கேட்கவில்லை. அக்காவை அழைக்க எனக்கு ஒரு சாக்கு வேண்டியிருந்தது, கிடைத்துவிட்டது. அவள் நம்பரை அழுத்தினேன்.

முதல் மணியிலேயே எடுத்தாள். "என்னடி?"

"யக்கா, மாதா கோவில்கிட்ட நிக்கிறேன். சைக்கிளப் பூட்டிட்டுச் சாவியத் தொலைச்சிட்டேன்."

"எந்தப் பூட்டு?"

"நம்மூருப் பூட்டு."

"அது ஒடையாது. இரு, வாரேன்."

ஸ்கூட்டரில் வந்தாள். முடி நன்றாக நரைத்திருந்தது. என் முகத்தைப் பார்க்காமல் நேராகக் கம்பத்தடியில் குந்தி, பையிலிருந்து இரும்பறுக்கும் ஆக்ஸா பிளேடை எடுத்தாள். "பூட்டத் தொடாத. சங்கிலியப் பிடி," என்றாள். நான் பிடித்துக்கொள்ள, அவள் அறுத்தாள். போகிறவர்கள் வருகிறவர்கள் எல்லாரும் நின்று பார்த்தார்கள். "யாரு வண்டிம்மா இது?" என்று ஒருவர் அதட்டினார். "எங்க வண்டிதான்," என்று இரண்டு பேரும் ஒரே நேரத்தில் எரிந்து விழுந்தோம். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதை மறைக்க வேகமாக அறுத்தாள்.

சங்கிலி விட்டது. ஸ்கூட்டரை அங்கேயே விட்டுவிட்டு ஸ்டாண்டு வரைக்கும் என்னோடு நடந்தாள். நான் ஆப்பில் சக்கரப் பூட்டைத் திறந்து சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனேன்.  பாதி தூரம் போனதும் ரோட்டைப் பார்த்தபடியே கேட்டாள்.

"அம்மாவுக்கு என்ன சேல கட்டுனீங்க?"

மூன்று வருடமாக இதை யாரிடமும் கேட்க முடியாமல் இருந்திருக்கிறாள் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"நீ எடுத்துக் குடுத்த நீலப் பட்டு."

"அது அம்மாவுக்குப் பிடிக்கலைன்னுல்ல நெனச்சேன். ஒரு நாள் கூடக் கட்டலையேடி."

"தன்னப் பெட்டிக்குள்ள வைக்கையில இதத்தான் கட்டணும்னு அம்மாவே எடுத்து வச்சிருந்துச்சு. எங்கிட்டச் சொல்லியே வச்சிருந்துச்சு."

அக்கா நடுரோட்டில் நின்றுவிட்டாள். சைக்கிளின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, வாயைப் பொத்தாமல், சாவு வீட்டில் அழுகிற மாதிரி அழுதாள். நானும் அழுதேன்.

"இம்புட்டு நாளா ஏண்டி சொல்லல?" என்றாள்.

"நீ போன எடுத்தாத்தான?" என்றேன்.