எழுத்துக்கு முந்திய புள்ளி

போன வாரம் முழுக்க எனக்கும் புதிதாக வந்த கணினிக்கும் தகராறு. கல்லல் என்று ஓர் ஊர்ப்பேரை அடித்தால் அது ‘க்லல்ல’ என்று காட்டுகிறது. படகு, மாடு என்றால் ஒழுங்காக வருகிறது. வேறு சில சொற்களில், எழுத்தே இல்லாத இடத்தில் புள்ளிபுள்ளியாய் ஒரு வெறும் வட்டம் வந்து உட்கார்ந்துகொள்கிறது. வெளிநாட்டில் இருக்கும் மகளைப் போனில் பிடித்தேன். எழுத்துருவை மாற்று என்றாள், அளவை மாற்று என்றாள், என்னென்னவோ செட்டிங்ஸைத் திறக்கச் சொன்னாள். ஒரு எழுத்துருவில் வட்டம் வந்தது, இன்னொன்றில் வட்டம் போய்ப் புள்ளி மட்டும் அந்தரத்தில் தொங்கியது. ஞாயிற்றுக்கிழமை பார்க்கலாம் என்று வைத்துவிட்டாள். அவளுக்கு அங்கே வேலை நேரம். இந்த அடுக்குமாடி வீட்டில் பகல் முழுக்க என்னோடு பேசுவது குக்கர் ஒன்றுதான்.

திரையைத் துடைத்தாவது பார்ப்போமே என்று துணியை எடுத்தேன். எடுத்ததும் மண்ணெண்ணெய் நினைவுக்கு வந்தது. திரையில் ஊற்றிவிடவில்லை, பயப்படாதீர்கள்.

எழுபதுகளின் தொடக்கத்தில் காரைக்குடியில் நான் டைப் பழகிய இன்ஸ்டிட்யூட்டில் எல்லா வியாதிக்கும் மண்ணெண்ணெய்தான் மருந்து. அந்த வாடையும் ரிப்பன் மையின் வாடையும் என் தாவணியில் ஏறி வீடுவரை வரும். வீட்டில் அதை முகர்ந்து பார்த்துக் குறை சொல்லவும் ஆளில்லை. எங்கள் வீடு ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடியும். அத்தனை பெரிய வீட்டில் நானும் அப்பச்சியும் மட்டும். அப்பாவை அப்பச்சி, அம்மாவை ஆத்தா என்றுதான் நாங்கள் அழைப்போம். ஆத்தா காலமான பிறகு அப்பச்சி பேசுவதைக் குறைத்துக்கொண்டார். அண்ணன் மெட்ராஸுக்குப் போய்விட்டான். போகுமுன் எனக்குத் தமிழ் டைப் ஆரம்பப் பாடங்களைச் சொல்லிக்கொடுத்துவிட்டுப் போனான்.

இன்ஸ்டிட்யூட்டில் கூட்டமெல்லாம் இங்கிலீஷ் மெஷின்களுக்குத்தான். மூலையில் இருந்த ஒரே தமிழ் மெஷினுக்கு நாங்கள் இரண்டே பேர். எனக்கு அடுத்த மணி நேரம் தெய்வானைக்கு. கல்லலிலிருந்து ரயிலில் வருவாள், வெள்ளாமைக் குடும்பம். என்னைவிட மூத்தவள், ஆனாலும் என்னை ஆச்சி என்பாள். எங்கள் வீட்டுப் பெண்களை, சின்னப் பிள்ளையானாலும், ஊரே அப்படித்தான் கூப்பிடும். என் பேரைச் சொல்லிக் கூப்பிடு என்று எவ்வளவோ கெஞ்சினேன். சிரிப்பாளே தவிர கூப்பிட மாட்டாள். என் நேரம் முடிந்த பிறகும் நான் அவள் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பேன். வீட்டுக்குப் போய் என்ன செய்வது?

தெய்வானையின் தாளில் மட்டும் புள்ளிகள் இடம் மாறி விழுந்தன. தன் ஊர்ப்பேரை அடித்தால் ‘கலல்ல’ என்று வந்து, கடைசிப் புள்ளி எழுத்தில்லாத வெறும் தாளில் கிடக்கும். அதே மெஷினில் நான் அடித்தால் சரியாக வரும். மாஸ்டர் இங்கிலீஷில் புலி. தமிழுக்கு அவர் கொடுத்தது சுவரில் ஒட்டிய விசைப்பலகைப் படம் ஒன்றுதான். அவர் மண்ணெண்ணெய் போட்டார், ரிப்பனை மாற்றினார், ரோலரைக் கழற்றி மாட்டினார். கடைசியில், விரலில் அழுத்தம் போதவில்லை, நன்றாகச் சாப்பிட்டுவிட்டு வா என்று அவளிடமே சொல்லிவிட்டார்.

அவளுக்கு அது விளையாட்டில்லை. வரப்போகும் டைப் பரீட்சையில் தேறினால் ஏதாவது ஆபீஸில் வேலைக்குப் போகலாம், இல்லையென்றால் ஷிமோகா பக்கம் ஒரு கரும்பாலையில் இருக்கும் மாப்பிள்ளைக்குக் கழுத்தை நீட்ட வேண்டும் என்று அவள் அண்ணன் சொல்லியிருந்தார். அவள் ஷிமோகா போய்விட்டால் எனக்குப் பேச்சுத்துணை மெஷின்தான். ஆகவே எனக்கும் அது விளையாட்டில்லை.

ஒரு நாள் தாளைப் பார்க்காமல் அவள் விரலைப் பார்த்தேன். எழுத்தை அடித்துவிட்டு அப்புறம் புள்ளியை அடித்தாள். தமிழ் டைப்ரைட்டரில் அது தலைகீழ். புள்ளிக்கு உள்ள கட்டையை அடித்தால், தாளைச் சுமந்து நகரும் கேரேஜ் நகராது. புள்ளி முதலில் விழுந்து காத்திருக்கும், எழுத்து வந்து அதன் கீழே உட்காரும். எழுத்தை முதலில் அடித்தால் கேரேஜ் நகர்ந்துவிடும், புள்ளி அடுத்த எழுத்தின் தலைக்குப் போய்விடும். சொன்னேன். விரலை எடுத்துவிட்டு என்னையே பார்த்தாள்.

“எழுத்தே இன்னும் வரலையே. வராத எழுத்துக்குப் புள்ளிய எங்குட்டு ஆச்சி வைக்கச் சொல்றீக?”

மெஷின் அப்படித்தான், விதண்டாவாதம் பண்ணாதே என்றேன். பரீட்சைக்குக் கொஞ்ச நாள்தான் இருந்தது. நான் பக்கத்தில் உட்கார்ந்து புள்ளி, எழுத்து, புள்ளி, எழுத்து என்று ஓதிக்கொண்டே இருப்பேன். மெதுவாக அடித்தால் சரியாக வரும். வேகம் பிடித்ததும் கை பழைய வழிக்கே ஓடும்.

பரீட்சையிலும் அப்படியே நடந்தது. முடிந்து ஸ்டேஷனுக்கு நடந்தோம். முதல் பத்தி நன்றாக வந்ததாகவும், அதற்குப் பிறகு மணியைப் பார்த்துவிட்டதாகவும் சொன்னாள். ரயில் வந்தது. ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டு, “கையால எழுதுற மாதிரிதான ஆச்சி அடிச்சேன்” என்றாள். அழவில்லை. நான்தான் வீடுவரை அழுதுகொண்டே போனேன்.

நான் தேறினேன், வேலைக்குப் போனேன், கடைசிவரை தமிழ் மெஷினிலேயே அடித்து ஓய்வும் பெற்றுவிட்டேன். அவள் கல்யாணத்துக்கு அப்பச்சி என்னை அனுப்பவில்லை. இன்ஸ்டிட்யூட் இருந்த மாடியில் இப்போது செல்போன் கடை. எங்கள் வீட்டையும் விற்றாகிவிட்டது. இந்த ஊரில் என்னை ஆச்சி என்று கூப்பிட ஒருவரும் இல்லை. அன்றைக்கு அத்தனை கெஞ்சியதற்கு, இன்று எல்லோரும் பேர் சொல்லித்தான் கூப்பிடுகிறார்கள்.

ஞாயிற்றுக்கிழமை மகள் வீடியோவில் வந்தாள். செட்டிங்ஸ் எதையும் தொடாமல், என்னை அடிக்கச் சொல்லி விரலை மட்டும் கவனித்தாள்.

“ஏம்மா புள்ளிய முன்னாடி அடிக்கிற? எழுத்து வந்தாத்தானே அது எங்க உக்காரணும்னு தெரியும்?”

சரி என்று மட்டும் சொன்னேன். அவள் போன பிறகு எழுத்தை முதலில் அடித்தேன், அப்புறம் புள்ளி. கல்லல் என்று வந்தது. அடுத்து தெய்வானை என்று அடித்தேன். வட்டம் இல்லை, பிசகு இல்லை. நீ அடித்ததுதான் சரி என்று தெய்வானையிடம் சொல்லலாம். ஷிமோகா பக்கம் எந்த ஊர் என்று நான் அன்றைக்குக் கேட்டுக்கொள்ளவே இல்லை.