வராத புடலங்காய்

நான் கையால் தொட்டும் பார்க்காத, நாக்கில் ஒரு துண்டுகூடப் பட்டிராத ஒரு புடலங்காயை இன்றுவரை மறக்கவில்லை. எங்கள் அப்பா அதைக் கோயில் ஏலத்தில் எடுத்தார். அந்தக் கோபத்தில் ஒரு வாரம் அவரிடம் நான் முகம் கொடுத்துப் பேசவில்லை.

அப்போது எனக்கு எட்டு வயதிருக்கும். பசுமலையில் குடியிருந்தோம். அப்பா பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். வீட்டுக்கு வந்தாலும் கணக்கு வாத்தியார்தான். கீரைக்காரம்மா சொல்லும் விலையை மனசுக்குள் பெருக்கி, வகுத்து, கடைசியில் ஒரு கட்டைத் திருப்பிக் கொடுத்துவிடுவார். அந்தம்மா எங்கள் வாசலுக்கு வந்தாலே குரலைத் தாழ்த்திக்கொள்ளும்.

அப்பாவுக்கு ஒரே தங்கை. எனக்கு அத்தை. தாய் தகப்பன் சீக்கிரம் போய்விட்டதால் அப்பாதான் அத்தையை வளர்த்து, நர்ஸ் படிக்க வைத்து, கடைசியில் ஒரு மாப்பிள்ளையும் பார்த்து நிச்சயத்துக்கு நாள் குறித்தார். அத்தை, எனக்கு இப்போது கல்யாணம் வேண்டாம் என்று சொல்லிவிட்டு ஸ்காட்லாந்தில் வேலை வாங்கிக்கொண்டு விமானம் ஏறிவிட்டார். அன்றிலிருந்து அண்ணனும் தங்கையும் பேசுவதில்லை. பேசுவதில்லை என்பது மட்டும் எனக்குத் தெரியும். ஆனால் அப்பாவுக்குப் போன் பேசப் பிடிக்காது, அவ்வளவுதான் என்று நினைத்திருந்தேன்.

அத்தை கிளம்பிய அன்று அம்மா அவருடைய பையில் ஒரு பொட்டலம் புடலை விதையைத் திணித்துவிட்டிருந்தார். வேறு என்ன கொடுப்பது என்று தெரியவில்லையாம். அத்தை போய்ச் சேர்ந்த இடம் வடக்கே ஒரு கடலோர ஊர். வருஷம் முழுக்க ஸ்வெட்டர் போடுகிற ஊர். ஆஸ்பத்திரி குவார்ட்டர்ஸுக்குப் பின்னால் ஒரு துண்டு நிலம் கிடைக்க, அத்தை முதல் வருஷமே விதையைப் போட்டார். எப்போது போடுவது என்று கேட்டதற்கு, அம்மா யோசிக்காமல் ஆடியில் போடு என்றார். நம் ஊரில் அதுதானே பட்டம். முளை வந்ததும் அம்மா அடுத்த யோசனை சொன்னார்.

"வெயில்ல வாடிப் போயிரும். மேல நிழல் கட்டு."

மதுரைக்காரிக்கு வெயில் என்றால் எதிரி. அத்தையும் மதுரைக்காரிதானே, மறுபேச்சில்லாமல் பழைய சேலையைக் கிழித்துப் பந்தல் கட்டினார். பக்கத்துத் தோட்டக்காரர்கள், வாரத்துக்கு ஒருநாள் எட்டிப் பார்க்கிற சூரியனைச் சேலை கட்டி மறைக்கும் இந்தப் பெண்ணுக்கு என்ன கோளாறு என்று பார்த்தார்களாம். கொடி வெளுத்து, நூலாக நீண்டு, புரட்டாசியில் அடித்த கடல் காற்றில் எண்ணெயில் விழுந்த அப்பளம் மாதிரி சுருண்டுவிட்டது.

அதே நிலத்தில் முட்டைக்கோஸ் குழந்தைத் தலை அளவுக்கு வந்தது. பட்டாணி காய்த்துக் கொட்டியது. உருளைக்கிழங்கைத் தோண்டி மாளவில்லை. அதையெல்லாம் அத்தையும் மதிக்கவில்லை, அம்மாவும் மதிக்கவில்லை. தானாக வருகிறதற்கு என்ன மரியாதை? ஞாயிற்றுக்கிழமை வீடியோ காலில் அத்தை அத்தனை பெரிய முட்டைக்கோஸைத் தூக்கிக் காட்டுவார். அம்மா, அது கிடக்கட்டும், புடலை என்னாச்சு என்பார்.

அடுத்த வருஷம் அத்தை எங்கள் பேச்சைக் கேட்கவில்லை. பங்குனியிலேயே சமையலறை ஜன்னலோரம், ஹீட்டருக்கு மேலே தொட்டி வைத்து விதையைப் போட்டார். வெளியே மண் சூடாகிற வரை கன்றை வீட்டுக்குள்ளேயே வளர்த்து, ஆனியில் பாலித்தீன் குடிலுக்குள் நட்டார். கொடி ஏறியது. ஆனால் ஆண்பூவாகவே பூத்தது. அந்த ஊர்க் கோடையில் ராத்திரிச் சாப்பாடு முடிந்த பிறகும் பொழுது அடையாதாம். அம்மாவுக்கு அது தாங்கவில்லை.

"பொழுதே சாயலைன்னா கொடி எப்பத்தான் காய்க்கிறதப் பத்தி நினைக்கும்?"

அம்மா சொன்னது ஏறக்குறைய சரியாகவே இருந்தது. ஆவணியில் பகல் சுருங்கியதும் பெண்பூ வந்தது. குடிலுக்குள் பூச்சி வராது என்பதால் அத்தையே சாயங்காலத்தில் ஆண்பூவைக் கிள்ளிப் பெண்பூவில் தடவினார். ஒன்றே ஒன்று பிடித்தது. அது வளர வளர வளைந்துகொண்டு போனது. அம்மா அடுப்படியில் போனைப் பிடித்துக்கொண்டு அய்யோ கோணுதே, கோணுதே என்று புலம்பிக்கொண்டிருந்தார். கூடத்தில் பேப்பருக்குப் பின்னால் இருந்து அப்பாவின் குரல் வந்தது.

"நுனியில கல்லு கட்டணும்னு உங்கம்மாகிட்டச் சொல்லு. அப்பத்தான் நேரா எறங்கும்."

நான் ஓடிப்போய்ப் போனில் அப்படியே ஒப்பித்தேன்.

"யாரு சொன்னா?" என்றார் அத்தை.

"அப்பாதான். பேப்பர் படிச்சிக்கிட்டே சொன்னாரு."

அத்தையின் முகம் அசையாமல் நின்றுவிட்டது. நெட் போய்விட்டது என்று நினைத்து நான் போனை உதறிப் பார்த்தேன். அடுத்த ஞாயிறு, கடற்கரையில் பொறுக்கிய ஒரு சாம்பல் நிறக் கூழாங்கல் காயின் நுனியில் தொங்கியது. காய் குச்சி போல நேராக இறங்கிக்கொண்டிருந்தது.

அத்தைக்கு ஒரு நேர்த்திக்கடன் இருந்தது. முதல் காய் எங்கள் கோயிலில், அதாவது சர்ச்சில், நடக்கிற அறுப்பின் பண்டிகைக்கு. வருஷா வருஷம் சபையார் வீட்டில் விளைந்ததை, வளர்த்ததைக் கொண்டுவந்து காணிக்கையாக வைப்பார்கள். ஆராதனை முடிந்ததும் மரத்தடியில் ஏலம் நடக்கும். ஸ்காட்லாந்தில் தொங்குகிற காயை எப்படிப் படைப்பது? அம்மா போதகரிடம் கேட்டார். காய் எங்கே இருந்தால் என்ன, காணிக்கை காணிக்கைதான் என்று அவர் சொல்லிவிட்டார்.

எனக்கு அந்த ஏலத்தில் வேறொரு கவலை. எழுமலையிலிருந்து ஒரு குடும்பம் கருஞ்சேவல் கொண்டுவந்திருந்தது. கழுத்தில் பச்சையும் நீலமுமாக மினுங்கும். அதை எடுத்துத் தருவதாக அப்பா வாக்குக் கொடுத்திருந்தார். அதற்குப் பெயரும் வைத்துவிட்டேன்.

சேவலுக்கு முன்னால் அத்தையின் முறை வந்துவிட்டது. ஏலம் விடுகிறவர் அரிசிக்கடை அண்ணன், வாய் ஓயாதவர். அம்மாவின் போனை மைக்குக்கு நேரே தூக்கிப் பிடித்தார். திரையில் மழைக்கோட்டுப் போட்ட அத்தை. பக்கத்தில் புடலங்காய், நுனியில் கல். அங்கே அப்போதுதான் விடிந்திருந்தது. பாலித்தீனில் மழை அடிக்கிற சத்தம் பசுமலை முழுக்கக் கேட்டது. வெயிலில் வேர்த்து நின்ற சனம் அந்தச் சத்தத்துக்கே ஒருமுறை சிரித்தது.

"சீமைப் புடலங்காய். யாரு கேக்குறா?"

ஒருவரும் கேட்கவில்லை. கைக்கு வராத காயை யார் கேட்பார்கள்? அரிசிக்கடை அண்ணன் திரும்பத் திரும்பக் கூவினார். அத்தை சிரித்தபடிதான் நின்றார். ஆனால் அந்தச் சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக இறங்கிக்கொண்டு வந்தது. அம்மா தலையைக் குனிந்துகொண்டார். அப்போது ஆண்கள் பக்கமிருந்து அப்பா ஒரு தொகை சொன்னார்.

கூட்டம் திரும்பிப் பார்த்தது. அரிசிக்கடை அண்ணன் சுதாரித்துக்கொண்டு, "ஒரு தரம்" என்றார்.

அப்பா முன்னால் நகர்ந்து வந்து அதைவிடக் கூடுதலாக ஒரு தொகை சொன்னார்.

"அண்ணே, வேற யாரும் கேக்கலைண்ணே. உங்க கேள்விக்கு மேல நீங்களே கேட்டா எப்பிடி?"

"ரெண்டு தரம் சொல்லு" என்றார் அப்பா. அவர் சொல்லி வாய் மூடுமுன் மறுபடியும் கூட்டினார். சனம் விழுந்து விழுந்து சிரித்தது. கீரைக்கட்டைத் திருப்பிக் கொடுக்கிற கணக்கு வாத்தியார், எதிரில் ஆளே இல்லாமல் தன்னோடு தானே போட்டி போட்டுக்கொண்டிருந்தார். எனக்கு மானம் போனது.

"போதும்ணே, விட்டுருங்க. கத்துன எனக்கே மூச்சு வாங்குது."

"என் தங்கச்சி வெளைய வச்ச காய்டா. அம்புட்டுக் கம்மியாவா போகும்?"

மைக் பக்கத்தில் இருந்ததால் அது எல்லோருக்கும் கேட்டது. ஸ்காட்லாந்துக்கும் கேட்டது. மூன்றாம் தரம் சொன்னதும் அப்பா போனை வாங்கினார். திரையைத் தன் முகத்துக்கு நேரே திருப்பிக்கொண்டார்.

"ஏலம் எடுத்தவன் சொல்றேன்" என்றார் அப்பா. "பாசிப்பருப்பு போட்டுக் கூட்டு வச்சு, நீயே சாப்பிடு பாப்பா."

"சரிண்ணே" என்றார் அத்தை. மூக்கை உறிஞ்சினார். மழையில் நின்றால் சளி பிடிக்கத்தானே செய்யும் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

சேவல் வந்தபோது அப்பாவிடம் ஒன்றும் மிச்சமில்லை. அது பக்கத்து வீட்டு மாமாவுக்குப் போனது. தினமும் விடியற்காலையில் எங்கள் சுவரில் ஏறி நின்று என்னைப் பார்த்துத்தான் கூவும். தின்னவும் முடியாமல், தொடவும் முடியாமல் ஒரு காய்க்குக் காசைக் கொட்டிவிட்டு அப்பா பாட்டுப் பாடிக்கொண்டே சவரம் செய்தார். அது போதாதென்று ஞாயிற்றுக்கிழமைப் போனை இப்போது அவரே பிடித்துக்கொண்டார். எங்களுக்கு முறையே வரவில்லை.

மறுவருஷம் கிறிஸ்துமஸுக்கு அத்தை வந்தார். பெட்டியைத் திறந்ததும் எனக்குக் கவுன், அம்மாவுக்குக் கம்பளிச் சால்வை, கூடவே சாக்லேட். சாக்லேட் நான் நினைத்ததைவிடக் குறைவு. கடைசியாக அத்தை பெட்டியின் அடியிலிருந்து ஒரு காலுறையை எடுத்து, உள்ளே கைவிட்டு அந்தச் சாம்பல் நிறக் கூழாங்கல்லை வெளியே எடுத்தார். கட்டிய நூல்கூட அவிழாமல் இருந்தது.

"ஏலத்துல எடுத்ததுல இது மட்டுந்தாண்ணே மிச்சம்" என்று அப்பா கையில் வைத்தார்.

அப்பா அதை உள்ளங்கையில் வைத்து எடை பார்ப்பது போல அசைத்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு கல்லை மேஜையில், திருத்த வேண்டிய விடைத்தாள்களுக்கு மேல் வைத்தார். இன்றும் அது அங்கேதான் இருக்கிறது.

எனக்கோ அழுகை முட்டிக்கொண்டு வந்தது. பசுமலையில் இல்லாத கல்லா? அந்த எடைக்கு இன்னும் இரண்டு பாக்கெட் சாக்லேட் வந்திருக்குமே.