கீழ்வீட்டுத் துணிக்கொடியும் என் தக்காளிச் செடிகளும்

தொண்ணூறுகளின் கடைசியில், காக்ஸ் டவுனில் ஒரு மாடிவீட்டுக்குக் குடிவந்ததும் மொட்டைமாடித் தொட்டிகளில் தக்காளி வைத்தேன். நான் வளர்த்த முதல் செடிகள். ஓர் இலை மஞ்சளித்தாலே பயந்துபோய் இன்னொரு வாளி தண்ணீர் ஊற்றுவேன். அந்தச் சேற்றுத் தண்ணீர் கீழ்வீட்டு மேரி அக்காவின் துணிக்கொடியில் சொட்டும்.

"நீ செடிக்கு ஊத்துறியா, இல்ல எங்க பெட்ஷீட்டுக்கா?" என்று அவர் கேட்ட நாளிலிருந்து எங்களுக்குள் பேச்சில்லை.

தங்கை கல்யாணத்துக்கு வேலூர் கிளம்பியபோது, செடிகளைப் பார்த்துக்கொள்ளும்படி அவரிடம் கேட்க வாய் வரவில்லை. பந்தியில் உட்கார்ந்திருந்தாலும் மனம் தொட்டியிலேயே இருந்தது. திரும்பி வந்ததும் பெட்டியோடு மாடிக்கு ஓடினேன். செடிகள் பச்சைப்பசேலென்று நின்றன. ஒன்று பூத்துக்கூட இருந்தது.

கீழே இறங்கி, "அக்கா, நீங்களா தினமும் தண்ணி ஊத்தினீங்க?" என்றேன்.

"தினமுமா? கீழ கொடியில இடமில்லாம ஒரு நாள் துணி காயப்போட மேல வந்தேன், செடி வாடியிருந்துச்சு. தொட்டிக்கு ஒரு மக் ஊத்தினேன், அவ்ளோதான். நீ இல்லாம அதுங்க நல்லாத்தான் இருந்துச்சு. எங்க துணியும்தான்."

வெட்கத்தைவிட நிம்மதிதான் அதிகம். நான் இல்லாவிட்டால் செத்துவிடும் என்று பயந்த செடிகள், நான் கொஞ்சம் விலகியதால் பிழைத்திருந்தன.

மறுநாள் காலை மண்ணைத் தொட்டுப் பார்த்தேன். ஈரம் இருந்தது. வாளியைக் கவிழ்த்து வைத்துவிட்டு, கீழே வெள்ளை பெட்ஷீட் காய்வதைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.