இறந்துபோன அரசர்மேல் ஒரு சத்தியம்

எங்கள் சிப்பார் நகரத்தில் பெலெத்தும் அம்மாளின் வீட்டில் முப்பத்திரண்டு ஆண்டுகள் வாற்கோதுமை அரைத்தவள் ரிஷாத்தும். விலைக்கு வாங்கப்பட்ட அடிமை. பத்தொன்பது ஆண்டுகளுக்கு முன், பிள்ளையில்லாத அந்த அம்மாள் அவளைக் கிழக்குப் பார்த்து நிறுத்தி, விடுதலைச் சடங்குப்படி நெற்றியைக் கழுவினார். "நான் இருக்கிற வரைக்கும் என்னைப் பாத்துக்கோ. அப்புறம் உன்னை யாரும் கேக்க முடியாது" என்று சூரியதேவன்மேலும் அரசரின் உயிர்மேலும் சத்தியம் செய்தார். அது களிமண் பலகையில் எழுதப்பட்டது. நாவிதர் ஷுமும்லிப்ஷி அவளது அடிமைக் குடுமியை மழித்தார்.

சென்ற குளிர்காலத்தில் அம்மாள் இறந்தார். அறுபதை நெருங்கிய ரிஷாத்தும் விடுதலை பெறவேண்டிய வேளையில், அம்மாளின் உடன்பிறந்தவர் மகன் இப்கத்தும் வழக்குத் தொடுத்தான். சத்தியம் செய்த நாளுக்கு மூன்று நாள் முன்பே அரசர் தலைநகரில் இறந்துவிட்டிருந்தார். மகன் அரியணையில் அமரும்வரை அரண்மனை அதை மறைத்தது. செய்தி எங்கள் ஊருக்கு வர ஆறு நாளாயிற்று. அந்த அரசருக்கு ஆண்டுதோறும் நீர்க்கடன் செய்யும் நாளைக் கொண்டு இப்கத்தும் இதைக் கணக்கிட்டிருந்தான்.

கோயில் வாசலில் நீதிபதிகள் மூவர் அமர்ந்திருந்தார்கள்.

"பொணத்தோட உயிர்மேல சத்தியம் பண்ணியிருக்காங்க, ஐயா. அது எப்படிச் செல்லும்?" என்றான் இப்கத்தும். "அத்தை வீட்டுச் சாமானெல்லாம் எனக்கு. இவளும் எனக்குத்தான்."

மூத்த நீதிபதி ரிஷாத்துமைப் பார்த்தார். "நீ என்ன சொல்றம்மா?"

"நான் என்னத்தச் சொல்ல, ஐயா? பத்தொன்பது வருசம் அவங்களத் தூக்கிக் குளிப்பாட்டினேன். ராசா செத்தப்பவும் பாரம் கொறையல, புது ராசா வந்தப்பவும் கொறையல."

சாட்சிகளில் உயிரோடிருந்தவர் நாவிதர் ஒருவரே. அவருக்குக் காது மந்தம்.

"என்ன தாத்தா, பொணத்துக்கும் சவரம் பண்ணுவீரோ?" என்று இப்கத்தும் அவர் காதருகே கத்தினான்.

"உங்கப்பன் பொணத்துக்கு நான்தானப்பா பண்ணினேன். உன்னைவிட அடக்கமா இருந்தாரு."

வாசலில் நின்றவர்கள் சிரித்தார்கள். நாவிதர் நீதிபதிகளிடம் திரும்பினார். "அன்னிக்குக் காலையில இதே கோயில்ல ராசாவுக்காக ஆடு வெட்டினாங்க, ஐயா. ஈரல்ல குறி பாத்த பூசாரி, 'ராசாவுக்குத் தீர்க்காயுசு'ன்னாரு. அதக் கேட்டுட்டுத்தான் நான் கத்தியோட இந்தப் பொண்ணு இருந்த வீட்டுக்குப் போனேன்."

நீதிபதிகளுக்குப் பின்னால் பூசாரிகள் நின்றிருந்தார்கள். சத்தியம் பொய்யென்றால் கோயிலின் குறியும் பொய். அதைச் சொல்ல இப்கத்துமுக்குத் துணிவில்லை.

சாவுச் செய்தியோடு தூதன் நகர வாயிலில் நுழையும்வரை அந்நகரத்துக்கு அரசர் உயிரோடிருக்கிறார் என்று தீர்ப்பாயிற்று. இனி எவரும் கிளறாதிருக்கப் புதுப்பலகை ஒன்றும் எழுதச் சொன்னார்கள். எழுத்தர் இப்போதைய அரசரின் பெயரைத் தொடங்கியதும் ரிஷாத்தும் கேட்டாள்.

"ஐயா, இவரு இருக்காருல்ல?"

மூத்த நீதிபதி நகர வாயில் பக்கம் பார்த்தார். "ஆறு நாளைக்கு முந்தி இருந்தாரு, தாயி."

அவளிடம் முத்திரை கிடையாது. ஈரக் களிமண்ணில் நகத்தைப் பதிக்க வேண்டும். அரைகல் அவள் நகங்களைத் தேய்த்திருந்தது. எழுத்தர் அவள் விரலைப் பிடித்து அழுத்தினார். மூன்றாம் முறைதான் தடம் விழுந்தது.

"அப்ப இன்னிக்கு மாவு?" என்றான் இப்கத்தும்.

"கல்லு அங்கதான் இருக்கு, சின்னய்யா. அரைச்சிக்கோங்க."

சொல்லிவிட்டு அவள் வாசல் நிழலில் உட்கார்ந்தாள். எங்கே போவதென்று அவள் யோசித்து வைத்திருக்கவில்லை. கூட்டம் கலைந்த பின்னும் எழுந்திருக்கவில்லை. யாரும் அவளை எழுப்பவுமில்லை.