இன்ஷா அல்லாஹ் சொன்ன அறுநூறு பேர்

உதுமாலெவ்வைக்கு முகநூலில் நாலாயிரத்து எண்ணூறு நண்பர்கள். பிரதேச செயலகத்தில் முப்பது வருடம் கோப்புகளை ஒழுங்காக வைத்திருந்த மனிதர், ஓய்வுபெற்ற பிறகு இவர்களை ஒழுங்காக வைத்திருந்தார். அதிகாலையில் சுபஹு தொழுதுவிட்டு வந்தால் ஒன்பது மணிவரை அதே வேலைதான். குழந்தை பிறந்தவனுக்கு ஒரு ‘பாறகல்லாஹ்’, சாவு நடந்த மௌத்து வீட்டுக்காரனுக்கு ஒரு ‘இன்னாலில்லாஹ்’, கட்டாரில் போய் இறங்கியவனுக்கு நலம் வேண்டி ஒரு துஆ. எல்லாவற்றையும் முன்கூட்டியே எழுதிச் சேமித்து வைத்திருந்தார். எடுத்து ஒட்டினால் போதும். மூன்று மாதம் தன் பதிவுகளைச் சீண்டாதவனைக் கழற்றிவிடுவார். இதைத்தான் அவர் மனிதரோடு பழகுவது என்று நம்பினார். முகத்தைப் பார்க்காமலே ஆறுதல் சொல்லிப் பழகியவருக்கு வேறென்ன தோன்றும்?

மகன் றஸ்மியின் கல்யாண விருந்தான வலீமா வந்தது. அழைப்பிதழைப் படமெடுத்து முகநூலில் போட்டார். தெருவின் வாட்ஸ்அப் குழுவிலும் போட்டார். முகநூலில் மட்டும் அறுநூறு பேர் ‘இன்ஷா அல்லாஹ்’ என்றார்கள்.

“நம்மட தெருவுக்காவது ரெண்டு பேரும் நடந்து போய்ச் சொல்லிட்டு வருவம்,” என்றார் மனைவி சபியா உம்மா.

“எல்லாரும் குறூப்பிலதான் இரிக்காங்க. ப்ளூ டிக்கும் விழுந்திட்டு. மறுகா என்னத்துக்கு நடக்கிற?”

“டிக்கா வந்து சாப்பிடப் போகுது?”

ஆறு பேர் சுற்றியிருந்து ஒன்றாக உண்ணும் பெரிய தட்டு ஒரு சஹன். அறுநூறு பேருக்கு நூறு, தெருவுக்கும் பெண் வீட்டாருக்கும் இன்னும் ஐம்பது என்று சமைக்கச் சொன்னார்.

ஒரு மணிக்குச் சம்மாந்துறையிலிருந்து பெண் வீட்டார் வந்து இருபது சஹனில் அமர்ந்தார்கள். மற்றப் பாய்கள் விரித்தபடியே கிடந்தன. கைத்தொலைபேசி மட்டும் ஓயவில்லை. ‘மாஷா அல்லாஹ்’, பூங்கொத்து, மறுபடி பூங்கொத்து.

“தெருவாக்களக் காணல்ல?” என்று சம்பந்தி தாழ்ந்த குரலில் கேட்டார்.

தோஹாவில் இருப்பவன் வராததற்குக் காரணம் சொல்லலாம். வேலிக்கு அப்பால் இருப்பவன் வராததற்கு என்ன சொல்வது? உதுமாலெவ்வை செருப்பை மாட்டினார்.

சபியா உம்மா மறித்தார். “இப்ப போய்ச் சொன்னா, சோறு மிஞ்சினதாலதான் கூப்பிடுறாங்க எண்டு எடுப்பாங்க.”

“பக்கத்து ஊட்டயாவது கூப்பிடுறன்.”

உதுமாலெவ்வை அண்ணன் முறை வைத்துக் காக்கா என்றழைக்கும் பக்கத்து வீட்டு ஆதம்பாவா, இடுப்பில் பழைய சாரனோடு வேலியைக் கட்டிக்கொண்டிருந்தார்.

“காக்கா, வாங்க. மகன்ட வலீமா.”

“ஓம், மகள் போன்ல காட்டினா. வடிவான படம். என்ட பேரில ஒரு பூப் போடச் சொன்னன். போட்டாவோ தெரியா.”

“அது எல்லாருக்கும் பொதுவாப் போட்டது, காக்கா. உங்களுக்கெண்டு இப்ப வந்து சொல்றன்.”

“இப்ப ரெண்டு மணி ஆயிட்டு, தம்பி.”

கையிலிருந்த கம்பியைக் கீழே வைத்தார். உள்ளே போய் வெள்ளைச் சட்டையும் தொப்பியுமாகத் திரும்பி வந்தார். உதுமாலெவ்வைக்குப் போன உயிர் வந்தது.

பந்தலுக்குள் ஆதம்பாவா, றஸ்மியின் தோளைப் பிடித்துக்கொண்டு நெடுநேரம் துஆச் செய்தார். சம்பந்திக்கு ஸலாம் சொன்னார். பிறகு, சோறு வைத்திருந்த பாய்களைச் சுற்றி நடந்து வாசலுக்கு வந்தார்.

“ஒரு வாயாவது வெச்சிட்டுப் போங்க, காக்கா.”

“ஊட்டில உலை வெச்சிட்டம். புள்ளைக்காக வந்தன், தம்பி. பிறந்த அண்டே என்ட மடியில கிடந்த புள்ள.”

சாப்பிடாமல் போகிறவரைப் பெண் வீட்டார் அத்தனை பேரும் தலைநிமிர்ந்து பார்த்தார்கள். அவர் வராமலே இருந்திருந்தால், தெருவார் வராததற்குச் சம்பந்தியிடம் ஒரு பொய்யாவது சொல்லியிருக்கலாம்.