எந்தத் தோணி, எந்த வீடு?

"எந்தத் தோணி? எந்த வீட்டுக்கு வந்திருக்கே?"

விடியற்காலை சுபுஹுத் தொழுகை முடிந்ததும் ஆதம் மனிக்கு என்ற கிழவர் துறைக்கு வந்துவிடுவார். கரையேறுகிற ஒருவரையும் இதைக் கேட்காமல் விடமாட்டார்.

தலைநகர் மாலேயிலிருந்து வரும் பையன்களுக்குச் சிரிப்பு. "கத்தீபு பேபே, பாஸ்போர்ட்டும் காட்டணுமா?"

"உன் மூஞ்சியே போதும்டா, அப்படியே உங்கப்பன். அவனும் ஒரு வாரம்னுதான் வந்தான், ஒரு வருசம் இருந்தான்."

தீவுக்கு அவர்தான் முப்பது வருடம் கத்தீபு, அதாவது தலைவர்; பேபே என்றால் அண்ணன். கவுன்சில் தேர்தல் வந்து அந்தப் பதவியே இல்லாமல் போனது. ஊரார் வாயிலிருந்து மட்டும் போகவில்லை.

அந்த நாளில் அலுவலகம் என்றால் பவளக்கல் அறை ஒன்று, வெள்ளை மணல் முற்றம், ஒரு பதிவேடு. யார் வந்தார், யார் போனார், எந்த வீட்டில் பிள்ளை பிறந்தது, காற்று எந்தப் பக்கம் அடித்தது, எல்லாம் அவர் கையெழுத்தில். தெருவைப் பெருக்கிய பெண்கள் முற்றத்தில் உட்கார்ந்து வெற்றிலை போடுவார்கள். ஊர்ச் சண்டையில் பாதி அங்கேயே தீர்ந்துவிடும்.

"அப்ப தப்பு பண்ண நான் ஒருத்தன்தான். இப்ப அதுக்கும் அஞ்சு பேர் கை தூக்கணும்" என்பார். அதில் பொறாமை இருக்காது, ஏக்கம் கொஞ்சம் இருக்கும். பதிவேடுகளைச் சுனாமி அலை கொண்டுபோய்விட்டது. இருப்பது அவர் ஞாபகம்தான்.

போன மாதம் கவுன்சிலில் ஒரே ஒரு வீட்டுமனை மிஞ்சியது. கேட்டவர்கள் இருவர். ஒருத்தி, வேறு தீவிலிருந்து பிழைக்க வந்த விதவை சுஹுரா. மற்றவள், மாலேயை விட்டுத் திரும்பி, மூன்று பிள்ளைகளோடு ஒற்றை அறையில் நெருக்கியடித்துக் கிடக்கும் ருகிய்யா, மனிக்குவின் மகள். முதலில் குடிவந்தவருக்கே மனை என்றது கவுன்சில். இரண்டு பேரிடமும் சான்று இல்லை.

மனிக்கு தானாகவே எழுந்துபோய் வாக்குமூலம் கொடுத்தார். "சுஹுரா வந்தது சுனாமிக்கு முந்தின வருசம், நோன்புக்கு முந்தின வெள்ளி, மீன் தோணியில. என் மக வந்தது அதே வருசம் பெருநாள் கழிச்சு. ரெண்டையும் நான்தான் எழுதினேன்."

கையெழுத்துக்குக் கீழே, கை தன் பழக்கத்தில் 'தீவுக் கத்தீபு' என்று எழுதிவிட்டது.

கவுன்சில் தலைவி நஸ்லா தயங்கினாள். "பேபே, அந்தப் பதவி இப்ப இல்லையே. வீட்டுப் பேரைப் போடுங்க."

அடித்துவிட்டு, ஃபினிமாகே என்று எழுதினார்.

"இது ருகிய்யா மனுவில இருக்கிற வீடுதானே?"

"அதேதான்மா."

வீட்டு வாசலில் மகள் நின்றிருந்தாள். சேதி அவருக்கு முன்னாலேயே வந்து சேர்ந்திருந்தது.

"பேசாம இருந்திருக்கலாமே பப்பா. உங்களை யாரும் கேக்கலையே."

"அல்லாஹ் கேப்பானே, ருகிய்யா."

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மனிக்கு தன் அறைக்குள் போனார். "பிள்ளைங்க இனிமே இங்க படுக்கட்டும்" என்று தலையணையை அக்குளில் இடுக்கிக்கொண்டு, கட்டிலைச் சமையல்கட்டுப் பக்கமாக வெளியே இழுக்கத் தொடங்கினார்.